பழைய டீசல் பிக்கப் வலுக் குன்றினால்

மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டு செல்லும் பழைய பிக்கப் ஏற்றத்தில் இழுக்க மறுக்கும்போது, டீசலை உட்செலுத்தும் பம்பி பழுதாயிற்று எனக் கருதி அதனைக் கழற்றக் கொடுக்கும் கமக்காரர் பலர். பம்பித் திருத்தச் செலவு ஒரு போகத்துத் தக்காளியின் இலாபத்தை விழுங்கக்கூடும். குற்றமோ பல வேளைகளில் அதற்கு முன்னாலுள்ள மலிவான உறுப்புகளிலேயே இருக்கும்.

முதலில் குறை எஞ்சினில் உள்ளதா என்பதைத் துணிதல் வேண்டும். எஞ்சினின் ஓசை மேலெழுந்தும் வாகனம் வேகங்கொள்ளாவிடின் கிளச் வழுக்குகின்றது. சமதரையில் கியரை விடுவித்து, வெறும் வண்டியை இருவர் தள்ளியும் உருளாவிடின் பிறேக் இறுகிப் பிடித்துள்ளது. இவ்விரண்டுக்கும் எஞ்சினைத் திறப்பது வீண்.

அடுத்துப் புகையை அவதானிக்க. நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதன் அடையாளம். எஞ்சின் சூடேறிய பின்பும் வெண்புகை நீங்காது, றேடியேற்றர் நீரும் குறைந்து வருமாயின் வண்டியை ஓட்டலாகாது. நீர் உருளைக்குள் கசிகின்றதென ஐயுறுதல் வேண்டும். சூடாயிருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கவும் கூடாது.

கரும்புகை, டீசலுக்கேற்ற காற்று இல்லையென்பதைக் காட்டும். காற்று வடிகட்டியைப் பார்க்க. சூடடிப்புக் காலத்தில் களத்துக்கு வந்துபோகும் வண்டியில் அது விரைவில் அடைபடும். வடிகட்டியை அகற்றிவிட்டு ஓட்டும் பழக்கம் கேடானது. உட்புகும் தூசு உருளையையும் பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும். பின்னர் வரும் நீலப்புகைக்குப் புதிய வடிகட்டி மருந்தாகாது. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஆறிலொரு பங்களவு குறைவு. ஆகவே உரமூடைகளுடன் றம்பொடை ஏற்றத்தில் செல்லும், டர்போ இல்லாத எஞ்சின் சிறிது கரும்புகை விடுவதை நோயெனக் கொள்ளவேண்டியதில்லை.

வலுக் குன்றியும் புகை தெளிவாயிருப்பின் டீசல் போதியளவு வந்துசேரவில்லை. இங்கேதான் கூடிய கவனம் வேண்டும். ஏற்றத்தில் வலுவிழந்த வண்டி, பத்து நிமிடம் நின்றபின் நன்றாக ஓடி, சில கிலோமீற்றர் சென்றதும் மீண்டும் வலுவிழப்பதுண்டு. தாங்கியின் அடியிலுள்ள அழுக்கு உறிஞ்சு குழாயின் வாயை அடைப்பதும், எஞ்சின் நின்றதும் விலகுவதும் இதற்குக் காரணமாகலாம். தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இதே குறி தோன்றும். மூடியைத் தளர்த்தும்போது காற்று ஓசையுடன் உட்புகுந்து, வண்டியும் வலுப்பெற்றால் குற்றம் மூடியிலேயே.

பீப்பாயில் சேமித்த டீசலில் நீர் சேர்வதுண்டு. வடிகட்டியின் அடித்திருகைத் தளர்த்தி, கண்ணாடிப் போத்தலில் சிறிது டீசலைப் பிடித்து வைத்தால் நீர் அடியிற் படியும். கரிய வழும்பும் காணப்பட்டால் தாங்கியைக் கழுவுதல் வேண்டும். வடிகட்டியை மட்டும் மாற்றினால் புதியதும் அடைபட்டுப்போகும்.

காலையில் நெடுநேரம் சுற்றியே பற்றி, ஓடும்போதும் தடுமாறும் எஞ்சினில் குழாய் இணைப்புகளைச் சோதிக்க. உறிஞ்சு குழாயில் டீசல் வெளியே ஒழுகாமலே காற்று உட்புகும். ஆதலின் ஈரம் இல்லையென்று விட்டுவிடலாகாது.

இவற்றின் பின்னும் குறை நீங்காவிடின் தொழிற்சாலையில் உருளைகளின் அமுக்கத்தை அளக்கச் செய்க. பம்பியைக் கழற்றுவது அதற்குப் பின்னரே. எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர்க் குழாய்களைத் தளர்த்தவோ கசிவைக் கையாற் தடவிப் பார்க்கவோ கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும். காயம் சிறு புள்ளியாகவே தோன்றினும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.