ஆகாபைக் கண்டியுங்கள், ஆமானாக மாறாதிருங்கள்!

வேத பகுதி: 1 இராஜாக்கள் 21, எஸ்தர் 3:5,6, ரோமர் 11:18



2023 அக்டோபரில் காசா யுத்தம் ஆரம்பித்த பிறகு, மந்தைவெளியில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். ஒரு வாலிபத் தம்பி, "பாஸ்டர், பிள்ளைங்க சாகுறாங்களே, இஸ்ரவேல் அரசு செய்யுறது நியாயமா?" என்று கேட்டார். ஒரு மூத்த சகோதரர், "இஸ்ரவேலைக் குறை சொன்னா சாபம் வரும், உட்காரு தம்பி" என்றார். பின்னாலிருந்து இன்னொரு குரல்: "யூதனுங்களே அப்படித்தான், இயேசுவைக் கொன்னவங்கதானே!"

நான் வாயைத் திறக்கவில்லை. பாட்டுப் பாடி, ஜெபித்து முடித்துவிட்டேன். அந்த மவுனம் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

1. அரசைக் கண்டிப்பது பகை அல்ல

நாபோத்தைக் கொன்று திராட்சத்தோட்டத்தை எடுத்துக்கொண்டபோது, எலியா ராஜாவின் முகத்துக்கு நேரே பேசினார். அவர் இஸ்ரவேலை வெறுத்தவரா? இல்லையே! சீயோனிசம் என்பது யூதருக்குப் பூர்வீக தேசத்தில் சொந்த நாடு வேண்டுமென்ற அரசியல் இயக்கம். அதை யூதரே எதிர்த்ததுண்டு. 1917-ல் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் மந்திரி எட்வின் மாண்டேகு ஒரு யூதர். பால்ஃபர் பிரகடனத்தை மந்திரிசபைக்குள்ளேயே எதிர்த்தார். காந்தியடிகள் 1938-ல் யூதர் படும் பாட்டுக்கு மனமிரங்கி எழுதினார். அதே கட்டுரையில் பாலஸ்தீனம் அரபியருக்குரியது என்றும் எழுதினார். ஆகவே தம்பியின் கேள்வி பாவமல்ல.

2. ஜனத்தைப் பகைப்பது ஆமானின் ஆவி

ஆமானுக்குக் கோபம் மொர்தெகாய் ஒருவன்மேல். அழிக்க நினைத்ததோ யூதர் எல்லாரையும். 2008 நவம்பர் 26-ல் மும்பை நரிமன் ஹவுஸில் நுழைந்த துப்பாக்கிக்காரர்களால் ரபி கவ்ரியேல், அவர் மனைவி ரிவ்கா உட்பட ஆறு யூதர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எந்தப் பட்டாளத்தை நடத்தினார்கள்? இரண்டு வயதுகூட நிரம்பாத மகன் மோஷேயைத் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியவர் ஆயா சாண்ட்ரா சாமுவேல், நம் தேசத்துப் பெண்.

3. நம்மை நாமே சோதிப்போம்

- "அந்த அரசு" என்று ஆரம்பித்து, "அந்த ஜாதியே" என்று முடிக்கிறேனா?
- உலகத்துப் பணமெல்லாம் யூதர் கையில் என்ற கட்டுக்கதையைப் பரப்புகிறேனா?
- எல்லா ஜனத்துக்கும் நாடு இருக்கலாம், யூதருக்கு மட்டும் கூடாது என்கிறேனா?
- மறுபக்கம், யூதர்மேல் அன்பு என்று சொல்லி, பாலஸ்தீனத் தாயின் கண்ணீருக்குக் காதை அடைக்கிறேனா?

இயேசுவைச் சிலுவையில் அறைந்தவர்கள் ரோமச் சேவகர். அறையப்படக் காரணம் என் பாவம். மயிலாப்பூரில் இரத்தசாட்சியாக மரித்தார் என்று பாரம்பரியம் சொல்லும் தோமாவும் யூதர்தான். லாயிட்ஸ் ரோட்டில் யூதர் கல்லறைத் தோட்டமே உண்டு. அவர்கள் நமக்கு அந்நியரல்ல. பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் யூதரும் இருந்தார்கள், அரபியரும் இருந்தார்கள் (அப். 2:5,11). நம் பெயரே அந்த நாளிலிருந்து வந்ததல்லவா?

அடுத்த கூட்டத்தில் அந்தத் தம்பியிடம் எல்லார் முன்பாகவும் மன்னிப்புக் கேட்டேன். பின்னாலிருந்து பேசிய சகோதரரைத் தனியே அழைத்து, ரோமர் 11-ஐச் சேர்ந்து வாசித்தோம். அவர் அழுதார், நானும் அழுதேன்.

ஜெபம்: ஆண்டவரே, அநியாயத்தைக் கண்டிக்கத் தைரியம் தாரும், ஒரு ஜனத்தையும் வெறுக்காத இருதயம் தாரும். ஆமென்.