குரலுக்கு ஓய்வு கொடு

அன்புள்ள மீராவுக்கு,

அத்தை எழுதுவது. குரல்நாணில் வீக்கம், கொஞ்ச நாள் பாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நீயோ கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுத்துப் பார்க்கிறாயாம். உங்கம்மா சொன்னாள். முணுமுணுப்பும் வேண்டாம், கிசுகிசுப்பும் வேண்டாம்.

ஓபரா படிக்கிறவள் நீ. மானுவேல் கார்சியாவின் பெயர் வகுப்பில் அடிபட்டிருக்கும். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். நான் சொல்வது மகனை. 1825இல் அப்பாவின் குழுவோடு நியூயார்க் போய், ரோசினியின் ஓபராவில் ஃபிகாரோவாகப் பாடியபோது அவருக்கு 20 வயது. ஓயாமல் பாடிக் குரல் கெட்டு, சில வருஷங்களிலேயே மேடையை விட்டார். தங்கை மரியா மாலிப்ரானை ஐரோப்பாவே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம். அந்த வீட்டில் குரல் போன பிள்ளையாக இருப்பது லேசா? மனிதர் ராணுவ மருத்துவமனைகளுக்குப் போய்த் தொண்டையின் அமைப்பைப் படித்தார். பிறகு பாரிஸில் வாத்தியாரானார்.

1841இல் ஸ்வீடனிலிருந்து ஜென்னி லிண்ட் அவரிடம் வந்தாள். வயது 20, ஊரில் ஏற்கெனவே புகழ்பெற்றவள், தொண்டையோ தேய்ந்துபோயிருந்தது. ஆறு வாரம் பாடாதே, பேச்சையும் குறைத்துக்கொள், பிறகு வா என்று அனுப்பிவிட்டார். பாட்டுப் படிக்க வந்தவளைப் பாடாதே என்று சொல்ல எந்த வாத்தியாருக்கு மனம் வரும்? அவளும் கேட்டாளே, அதைச் சொல்லு! திரும்பி வந்ததும் மூச்சிலிருந்தும் ஸ்கேலிலிருந்தும் தொடங்கினாள், மெதுவாக, புதுசாகக் கற்பவளைப்போல. அடுத்த வருஷம் ஸ்டாக்ஹோம் மேடையில் நார்மாவாகப் பாடினாள். 1847இல் லண்டனே அவள் பின்னால் ஓடியது.

1854இல் பல் டாக்டரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டு, சூரிய ஒளியில் தன் குரல்நாண்கள் அசைவதைக் கார்சியா பார்த்தார். உன் டாக்டர் செய்த பரிசோதனைக்கு அதுவும் ஒரு மூலம். 101 வயதுவரை இருந்தார், கொடுத்துவைத்தவர். ஆனால் எனக்கு அந்தக் கண்ணாடியைவிட லிண்டுக்குச் சொன்ன ஆறு வாரம்தான் பெரிதாகப் படுகிறது.

ஸ்கோரைக் கண்ணால் படி. இத்தாலிய வரிகளின் பொருளை எழுதி வை. டாக்டர் சரி என்ற பிறகும் எடுத்த எடுப்பில் மேல்ஸ்தாயிக்குப் போகாதே. வாத்தியார் அவசரப்படுத்தினால் டாக்டரின் சீட்டைக் காட்டு. அடுத்த மாதப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடு. கட்டிய பணம் போனால் போகட்டும், நான் தருகிறேன். எனக்கு போன் செய்யாதே, எழுது.

அன்புடன்,
அத்தை