ரம்பம் இருக்கா தம்பி?

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய எக்செல் ஷீட்டை மூன்று தடவை பார்த்துவிட்டேன். பதினோரு மாவட்டங்கள், ஏழு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், கடைசியில் கூட்டுத்தொகை. ராமநாதபுரம் முதலிடம். "எந்த மாவட்டத்தை எடுக்கலாம்னு நீங்களே சொல்லிடுங்கண்ணா" என்று கேட்டிருக்கிறாய். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பி உன் தன்னார்வலர்கள் நூற்று நாற்பது பேரை உதவிப் பணிக்குப் பஸ் ஏற்றிவிட எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இந்த மாவட்டக் கணக்கு. தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், 388 ஊராட்சி ஒன்றியங்கள், பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஊராட்சிகள். திருவண்ணாமலை மாவட்டத்தின் சராசரியைக் கையில் வைத்துக்கொண்டு ஜவ்வாது மலை ஏறிப் பார், அது எதற்கும் உதவாது. உன் ஆட்கள் வேலைக்குப் போகிறவர்கள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, மிஞ்சினால் இரண்டு. அந்த நேரத்துக்கு ஒரு ஊராட்சியே பெரிது.

அடுத்தது, ராமநாதபுரம் உன் ஷீட்டில் மட்டுமா முதலிடம்? 2018-இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்தவை ராமநாதபுரமும் விருதுநகரும். உதவப் புறப்படுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் புரட்டுவது அந்தப் பட்டியலைத்தான். கம்பெனிப் பணம் வேறு வழியில் போகும். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும். தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் பணம் சேராமல் என்ன செய்யும்? ராமநாதபுரத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லை. அங்கே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், யார் வந்து ஒரே வருஷத்தில் கிளம்பிப் போனார்கள் என்பதற்கு உன் ஷீட்டில் ஒரு கட்டம்கூட இல்லை. அதைச் சொல்கிறேன்.

இதெல்லாம் எனக்கும் புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மூன்றாம் நாள் திருச்சியிலிருந்து ஒரு லாரியோடு கிளம்பினோம். தார்ப்பாய், மெழுகுவத்தி, கொசுவத்தி, பிஸ்கட், தண்ணீர் கேன். பட்டுக்கோட்டை தாண்டியதும் மெயின் ரோட்டில் கிளைகளைப் போட்டு மறித்தார்கள். மூன்று நாளாக யாரும் எட்டிப் பார்க்காத கோபம், இறக்கிக் கொடுத்தோம். அடுத்த ஊரிலும் அப்படியே. இருட்டுவதற்குள் லாரி காலி. காலி லாரி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம்.

மறுவாரம் பைக்கில் தனியாகப் போனேன். ரோட்டோர வீடொன்றில் ஐந்து தார்ப்பாய்கள் மடிப்புக் கலையாமல் திண்ணையில் அடுக்கியிருந்தன. நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் வாய்க்கால் கரையில் ஒரு தெரு, ஒரு வீட்டுக்கும் கூரை இல்லை. விழுந்த தென்னை மேல் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, "ரம்பம் இருக்கா தம்பி?" என்றார். அவர் உட்கார்ந்திருந்த மரத்தின் மறுபாதி வீட்டுக்கு மேல் கிடந்தது. மரம் அறுக்கும் மெஷின்காரர் கேட்ட வாடகை அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. கரண்ட் இல்லாததால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஜெனரேட்டர் வாடகைக்குத் தெருவே சில்லறை சேர்த்துக்கொண்டிருந்தது. ரம்பமும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை எங்கள் லாரியில். கிளம்புவதற்கு முன் அந்தப் பக்கம் ஒரே ஒருவரிடம் போனில் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அந்தத் தெருவில்தான் அடுத்த இரண்டு வருஷம் இருந்தோம். அங்கே யாருக்கும் சொந்தத் தென்னை கிடையாது. மரம் ஏறுகிறவர்கள், காய் உரிக்கிறவர்கள், கீற்று முடைகிற பெண்கள். அரசு நிவாரணம் மரத்துக்கு இவ்வளவு என்று வந்தது. மரம் வைத்திருந்தவருக்குப் போனது. தோப்புக்காரர் நட்டமும் நட்டம்தான், நெட்டை ரகம் மறுபடி காய்க்க ஆறேழு வருஷமாகும். ஆனால் அந்த ஆறேழு வருஷமும் ஏற மரமில்லாதவன் என்ன செய்வான் என்பதற்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. வந்த நல்லவர்கள் பலர் தென்னங்கன்று கொடுத்தார்கள். நட இடமில்லாத தெருவுக்கும் கொடுத்தார்கள்.

கடைசியில் நாங்கள் செய்தது சின்ன வேலை. சனிக்கிழமை தோறும் இரண்டு பேர் போய்ப் பாயை விரித்து உட்கார்வது. முதியோர் உதவித்தொகை, விதவை உதவித்தொகை, நூறு நாள் வேலை அட்டை. ஒரு அம்மாவுக்குக் கணவர் இறந்து ஒன்பது வருஷம். இறப்புச் சான்றிதழே எடுக்கவில்லை. அதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் இன்னொரு வயது. மனு திரும்பி வரும்; மறுபடி எழுதுவோம். இரண்டு வருஷத்தில் பதினோரு பேருக்குக் கிடைத்தது. அப்போது மாதம் 1,000 ரூபாய், 2023-இல் 1,200 ஆனது. அந்தக் கணக்கில் ஆளுக்கு வருஷத்துக்கு 14,400. எங்களுக்கு ஆன பஸ் செலவை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அது அந்த ஒருநாள் லாரி வாடகையைக்கூடத் தொடவில்லை.

தேவை என்னவென்று கேட்காமல் கொடுப்பதைச் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பெரிய அளவில் பார்த்திருக்கிறேன். 2005-இல் வந்தவர்கள் எல்லாரும் ஃபைபர் படகு கொடுக்கவே ஆசைப்பட்டார்கள். பக்கவாட்டில் பெயர் எழுதலாமே! கட்டுமரத்தில் போனவருக்கும் படகு, ஒரு படகில் பங்குக்குப் போனவருக்கும் தனிப்படகு என்று ஆகி, சில குப்பங்களில் படகு இருந்தது, ஏறிப் போக ஆள் பற்றவில்லை. அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்ற பெண்களுக்குத் தேவைப்பட்டது ஒரு ஐஸ் பெட்டி, வட்டிக்காரனிடம் போகாமல் கொஞ்சம் முதல். அது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்களுக்குத் தாமதமாகத் தோன்றியது.

சரி, எங்கேதான் போவது? உன் நூற்று நாற்பது பேரின் சொந்த ஊர்களை முதலில் எழுது. 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஓடியது அந்தந்த ஊர் ஆட்களின் காலால்தான். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிளைக் கொண்டுவந்தார். படிக்க வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். சொல்லிக்கொடுத்தவர் அதே ஊர்க்காரர் என்பதால் மறுநாள் காலையும் அங்கேயே இருந்தார். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் கூப்பிடாமலே ஊருக்குப் போகிறவன்தான் மூன்றாம் வருஷமும் உன்னோடு இருப்பான்.

இதில் ஒரு பொறி உண்டு. சொந்த ஊர் என்று போனால் அவன் சொந்தத் தெருவுக்குத்தான் கூட்டிப்போவான். அவன் வீட்டில் காபி, அவன் மாமா வீட்டில் கூட்டம், பயனாளிப் பட்டியலைப் பஞ்சாயத்துக்காரர் வாய்மொழியாகச் சொல்வார். தலித் மக்கள் வாழும் காலனி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும், உன் ஆட்கள் பார்க்காமலே திரும்பிவிடுவார்கள். எனக்கும் அது நடந்திருக்கிறது, ஒரு தடவை இல்லை. முதல் நாள் முதல் டீயைக் காலனியில் குடித்துவிட்டு அப்புறம் ஊருக்குள் போ. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். உன் ஆட்களில் யார் சுளிக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

ஷீட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாவட்டக் கட்டத்தை எடுத்துவிட்டு ஊராட்சி என்று போட்டிருக்கிறேன். 'நம் ஆள் யார்', 'வேறு யார் இருக்கிறார்கள்', 'மாதம் எத்தனை தடவை போக முடியும்' என்று மூன்று கட்டம் சேர்த்திருக்கிறேன். மூன்றாவதில் பொய் எழுதாதே. ஐந்து ஊருக்கு மேல் தேறாது என்று நினைக்கிறேன். அதில் இரண்டை எடு. மற்ற மூன்றுக்கும் நீயே போன் பண்ணி, இந்த வருஷம் வர முடியாது என்று சொல்லிவிடு. அவர்களைக் காத்திருக்க வைக்காதே.

முடிந்தால் தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை பட்டுக்கோட்டைக்கு வா. அந்தத் தெருவில் இப்போதும் பாய் விரிக்கிறார்கள். நாங்கள் இல்லை, அந்தத் தெருவில் வளர்ந்து காலேஜ் முடித்த ஒரு பெண். ஒரு மனு எழுதிப் பார். கைலி கொண்டு வந்துவிடு, ராத்திரி அங்கேயே தங்கும்படி ஆகும். கடைசி பஸ் ஏழரைக்கே போய்விடும்.

அன்புடன்,
அண்ணன்