முறியாதது வேறு, வளையாதது வேறு

“பலமான பொருள்களைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் இரும்பு, கருங்கல், தேக்கு என்று குழந்தைகள் அடுக்கிக்கொண்டே போவார்கள். “பலம் என்றால் என்ன?” என்று கேட்கும்போதுதான் வகுப்பு யோசிக்கத் தொடங்கும். ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒடுகத்தூர்ப் பகுதி அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களில் பலரின் பெற்றோர் சாரம் கட்டுபவர்கள், கம்பி கட்டுபவர்கள், சென்ட்ரிங் அடிப்பவர்கள், சித்தாள்கள். கட்டுமானம் பற்றிய அறிவு இந்தக் குழந்தைகளுக்கு வீட்டிலேயே இருக்கிறது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவர நான் மேற்கொண்ட செயல்பாடுகளை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தேவையான பொருள்கள்: சாக்பீஸ், பழைய சைக்கிள் டியூப், மர அளவுகோல், பழைய தாள்கள், தீக்குச்சிகள், சைக்கிள் வால்வு டியூப், மெத்தைப் பஞ்சுத் துண்டு (ஃபோம்), நூல். தாளும் சாக்பீசும் பள்ளியிலேயே உண்டு. மற்றவற்றை ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனபோது சில்லறைக் காசில் வாங்கிவிட்டேன்.

செயல்பாடு 1: இரண்டு சொற்கள்

ஒரு மாணவரிடம் சாக்பீசையும், இன்னொருவரிடம் டியூப் துண்டையும் கொடுத்து வளைக்கச் சொன்னேன். சாக்பீஸ் கொஞ்சமும் வளையாமல் பட்டென்று முறிந்தது. டியூப் எப்படி வேண்டுமானாலும் வளைந்தது. எவ்வளவு இழுத்தும் அறவில்லை. எது பலமானது என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. அந்த வாதத்தின் நடுவில் இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதினேன். முறியாமல் தாங்குவது வலிமை. வளையாமல், உருமாறாமல் நிற்பது விறைப்பு. சாக்பீசுக்கு விறைப்பு உண்டு, வலிமை குறைவு. டியூபுக்கு வலிமை உண்டு, விறைப்பு இல்லை. ஒரு கட்டடத்துக்கு இரண்டும் வேண்டும்.

இந்த வேறுபாடு எங்கள் மலையிலேயே கண்முன் நிற்கிறது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் இயங்கி வருகிறது. அந்தக் கனமான கருவி உச்சி வானத்தைப் பார்க்கும்போது ஒருவிதமாகவும், சாய்ந்து பார்க்கும்போது வேறுவிதமாகவும் தன் எடையாலேயே வளையப் பார்க்கும். அது முறிந்து விழாது. ஆனால் மிகச் சிறிதளவு வளைந்தாலும் விண்மீனின் பிம்பம் கலங்கிவிடும். அங்கே வலிமையை விட விறைப்புதான் பெரிய சவால். “விழாம இருந்தா மட்டும் போதாது, ஆடாமலும் இருக்கணும்” என்று ஒரு மாணவி சொன்னது எந்த வரையறைக்கும் குறைந்ததல்ல.

செயல்பாடு 2: வடிவம் தரும் விறைப்பு

இரண்டு புத்தக அடுக்குகளுக்கு இடையே ஒரு தாளைப் பாலமாக வைத்தால் அதன் மேல் ஓர் அழிப்பான்கூட நிற்காது. அதே தாளை விசிறிபோல் மடித்து வைத்தால் நோட்டுப் புத்தகங்களைத் தாங்குகிறது. எத்தனை புத்தகங்கள் என்பது மடிப்பின் உயரத்தைப் பொறுத்தது. அரை விரற்கடை, ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை என்று மடிப்பை மாற்றி, ஒவ்வொரு குழுவும் அட்டவணை போடட்டும். தாள் அதேதான், எடையும் அதேதான். வடிவம் மட்டுமே மாறியது என்பதைக் குழந்தைகளே சொல்ல வேண்டும். கூரைத் தகடு ஏன் நெளிநெளியாக இருக்கிறது என்ற கேள்விக்கு அதன்பின் விளக்கம் தேவைப்படாது.

அடுத்து, மர அளவுகோலைப் படுக்கையாகப் பிடித்து வளைக்கச் செய்யுங்கள். பிறகு விளிம்பு மேலே இருக்கும்படி செங்குத்தாகப் பிடித்து வளைக்கச் செய்யுங்கள். ஆசிரியர்களுக்காக ஒரு கணக்கு: அளவுகோலின் அகலம் அதன் தடிமனைப் போல் 10 மடங்கு என்றால், செங்குத்தாகப் பிடிக்கும்போது வலிமை 10 மடங்கும் விறைப்பு 100 மடங்கும் கூடுகின்றன. ஓட்டு வீட்டுக் கைமரங்களை ஏன் படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்கிறார்கள் என்பது இதிலிருந்து புரியும். மாணவர்களுக்கு இந்த எண்கள் தேவையில்லை. கை உணர்ந்தால் போதும்.

செயல்பாடு 3: முக்கோணத்தின் பிடிவாதம்

கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அர்விந்த் குப்தா, 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் பணியாற்றச் சென்றார். அங்கே கிராமச் சந்தைகளில் கிடைத்த மலிவான பொருள்களைக் கொண்டு அவர் உருவாக்கியதுதான் தீக்குச்சி மாதிரிகள். மருந்து சுரண்டிய தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டுகளால் இணைத்துவிடலாம். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவரது இந்த எளிய முறையைத்தான் நாங்களும் பின்பற்றினோம்.

மூன்று குச்சிகளில் முக்கோணம், நான்கில் சதுரம், ஐந்தில் ஐங்கோணம் செய்யச் சொல்லி, ஓரத்தை மெல்ல அழுத்தச் சொன்னேன். சதுரம் சாய்சதுரமாகச் சரிந்தது. ஐங்கோணம் படகாயிற்று. முக்கோணம் அசையவில்லை. நடுநிலை வகுப்புக் கணக்கில் வரும் சர்வசம முக்கோணங்களின் ப-ப-ப கொள்கை இதுதான்: மூன்று பக்கங்களின் நீளம் உறுதியானால் முக்கோணத்தின் வடிவமும் உறுதியாகிவிடும். நான்கு பக்கங்களுக்கு அந்த உறுதி கிடையாது.

சதுரத்தை ஆடாமல் நிறுத்த என்ன செய்யலாம் என்று கேட்டேன். மூலைவிட்டமாக ஒரு குச்சி போட்டார்கள், நின்றது. “குச்சிக்குப் பதில் நூல் கட்டினால்?” என்றேன். ஒரு பக்கம் தள்ளினால் நின்றது. மறுபக்கம் தள்ளினால் நூல் தொய்ந்து சதுரம் சரிந்தது. இரண்டு மூலைகளுக்கும் குறுக்காக இரண்டு நூல் கட்டிய பிறகே இரு பக்கமும் நின்றது. நூல் இழுவிசையை மட்டுமே தாங்கும். குச்சி இழுவிசை, அமுக்குவிசை இரண்டையும் தாங்கும். இதைச் சொல்லிக் கொடுப்பதை விட, நூல் தொய்வதைக் காட்டுவது நல்லது.

பிறகு ஊருக்குள் முக்கோணம் தேடச் சொன்னேன். மின்கோபுரம், செல்போன் கோபுரம், சைக்கிள் சட்டம், மூங்கில் படல் என்று பட்டியல் நீண்டது. மலை மேலிருந்து படிக்க வரும் மாணவர் ஒருவர், வகுப்பில் அதிகம் பேசாதவர், எழுந்தார். “சார், பந்தல் போட்டா மூலைக்கு மூலை சாய்வா ஒரு கம்பு கட்டுவாரு எங்க தாத்தா. அது இல்லன்னா காத்துல பந்தல் படுத்துக்கும்பாரு.” அன்று அந்த மாணவர்தான் கரும்பலகையில் படம் வரைந்து வகுப்புக்கு விளக்கினார். தேர்வுத் தாளில் தெரியாத அறிவு இப்படிப்பட்ட வேளையில்தான் வெளியே வருகிறது.

செயல்பாடு 4: ஆடும் பெஞ்சு

வகுப்பில் ஆடும் பெஞ்சு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கால்கள் பலமாக இருக்கின்றனவா என்று சோதிக்கச் செய்யுங்கள். பெரும்பாலும் கால் முறிந்திருக்காது. இணைப்பு தளர்ந்து, செவ்வகம் சாய்சதுரமாகிக்கொண்டிருக்கும். பின்பக்கம் சாய்வாக ஒரு ரீப்பர் கட்டை அடித்தால் ஆட்டம் நின்றுவிடும். ஆணி அடிக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். கட்டையை எந்த இடத்தில் வைப்பது என்பதைக் குழந்தைகள் முடிவு செய்யட்டும்.

செயல்பாடு 5: கம்பி மேலேயா, கீழேயா?

இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதி இதுதான். ஃபோம் துண்டின் பக்கவாட்டில் சம இடைவெளியில் நேர்க்கோடுகள் வரையுங்கள். இரு முனைகளையும் தாங்கி நடுவில் அழுத்தினால் மேலே கோடுகள் நெருங்கும், கீழே விலகும். அதாவது மேலே அமுக்குவிசை, கீழே இழுவிசை. கான்கிரீட் நம் சாக்பீஸ் மாதிரி. நிறுத்தி அழுத்தினால் நன்றாகத் தாங்கும். இழுவிசையில் அதன் வலிமை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் இழுவிசை வரும் பக்கத்தில் கம்பி வைக்கிறார்கள். இரு முனையும் சுவரில் அமர்ந்த உத்திரத்தின் நடுப்பகுதியில் முதன்மைக் கம்பி கீழே இருக்கும்.

இப்போது ஃபோமின் ஒரு முனையை மட்டும் மேசையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைத் தொங்கவிடுங்கள். கோடுகள் மேலே விலகும், கீழே நெருங்கும். சன்ஷேடு இப்படித்தான் சுவரிலிருந்து நீண்டு நிற்கிறது. ஆகவே அதில் முதன்மைக் கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். கம்பி கட்டும் வேலைக்குப் போகும் தொழிலாளியின் மகள் ஒருவர், “அதான் சார், கம்பிய மிதிக்காதீங்கன்னு எங்கப்பா கத்துவாரு” என்றார். கான்கிரீட் போடும்போது யாராவது மிதித்துக் கம்பி கீழே அமுங்கிவிட்டால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. பூச்சு வேலை முடிந்து அழகாகவே இருக்கும். ஆனால் இழுவிசை வரும் இடத்தில் கம்பி இல்லாததால் சுவரையொட்டி விரிசல் விட்டு, ஒருநாள் அப்படியே விழக்கூடும். அதன் கீழே நிற்பவர் யாராகவும் இருக்கலாம்.

இந்தக் குழந்தைகளில் சிலர் நாளை மேஸ்திரிகளாகவோ பொறியாளர்களாகவோ ஆவார்கள். எல்லாருமே ஏதோ ஒரு கூரையின் கீழ் வாழப்போகிறவர்கள். ஒரு கம்பி எங்கே இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கத் தெரிவது அவர்கள் எல்லாருக்கும் உயிர்காக்கும் அறிவு.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக மூன்று பணிகள் கொடுக்கலாம்.
1. பத்துத் தாள்களும் பசையும் மட்டும் கொண்டு, ஒரு செங்கல்லைத் தாங்கும் மேடை செய்தல்.
2. வீட்டிலோ தெருவிலோ உள்ள ஓர் அமைப்பை வரைந்து, எங்கே இழுவிசை, எங்கே அமுக்குவிசை என்று அம்புக்குறியிடுதல்.
3. கட்டட வேலை தெரிந்த ஒருவரிடம் ஐந்து கேள்விகள் கேட்டு எழுதி வருதல்.

மூன்றாவது பணியைத் தவறாமல் கொடுங்கள். முடிந்தால் பெற்றோர் ஒருவரையே வகுப்புக்கு அழைத்து, கம்பி கட்டும் முறையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்தான் ஆசிரியர். நாமும் மாணவர்களோடு அமர்ந்து கேட்கலாம்.