போர்முனையும் ஆவணப்படமும்

கேள்வி: போர்க்களத்தில் ஆவணப்படம் எடுப்பவரின் பணி, செய்தியாளரின் பணியிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?

பதில்: நிகழ்ந்ததை உடனுக்குடன் அறிவிப்பது செய்தியாளரின் கடமை, அது மனிதரை என்ன செய்தது என்பது புலப்படும்வரை காத்திருப்பது ஆவணப்பட இயக்குநரின் கடமை. 1970-இல் இங்கிலாந்தில் பிறந்த ஒளிப்படக் கலைஞரும் ஆவணப்பட இயக்குநருமான டிம் ஹெதரிங்டனின் வாழ்க்கை இதற்குத் தக்க சான்றாகும். 2003-இல் லைபீரிய உள்நாட்டுப் போரைக் கிளர்ச்சியாளர் பக்கமிருந்து பதிவுசெய்த அவர், பின்னர் அந்நாட்டின் மீதான ஐ.நா. தடைகள் தொடர்பான குழுவுக்குப் புலனாய்வாளராகவும் பணியாற்றினார்.

எழுத்தாளர் செபாஸ்டியன் யுங்கருடன் அவர் இயக்கி, 2010-இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் உயரிய பரிசை வென்ற 'ரெஸ்ட்ரெப்போ' என்னும் ஆவணப்படம், ஆப்கானிஸ்தானின் கோரங்கால் பள்ளத்தாக்கில் 'உடனுறை முறை'யில், அதாவது இராணுவ அனுமதியுடன் அமெரிக்க வீரர்களோடே தங்கிப் படமாக்கப்பட்டது. போரில் இறந்த மருத்துவ உதவியாளர் ஒருவரின் பெயர் தாங்கிய, அங்கிருந்த காவல்முகாமின் அன்றாடத்தைப் பின்னணி உரை ஏதுமின்றி, சண்டைக் காட்சிகளையும் வீரர்கள் பின்னர் கேமரா முன் பேசியவற்றையும் கோத்தே அப்படம் சொல்கிறது. பதுங்குகுழி மேட்டில் சாய்ந்து, நெற்றியில் கைவைத்துக் களைத்திருக்கும் வீரரைக் காட்டும், ஹெதரிங்டன் அங்கே எடுத்த ஒளிப்படம், 2007-ஆம் ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படமாகத் தேர்வானது. எனினும் உடனுறை முறை ஒரு தரப்பின் அனுபவத்தையே நெருக்கமாகக் காட்டவல்லது என்பதால், ஆப்கன் கிராமத்தார் 'ரெஸ்ட்ரெப்போ'வில் தொலைவிலேயே நின்றுவிடுகின்றனர்.

2011 ஏப்ரல் 20 அன்று லிபியாவின் மிஸ்ராட்டாவில் நடந்த குண்டுத் தாக்குதலில் ஹெதரிங்டன் காயமுற்று, குருதி இழப்பால் இறந்தார். உடனடி முதலுதவி அவரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று கருதிய யுங்கர், எந்நிறுவனத்தையும் சாராத தனிநிலைச் செய்தியாளர்களுக்குப் போர்க்கள முதலுதவி கற்பிக்கும் அமைப்பை நிறுவினார்.