கண்ணுக்கும் விருந்தாகும் பாட்டு

பாட்டு செவிக்குரியது. ஆயினும், ஒரு புதிய பாட்டைக் கேட்டாயா என்று வினவுவோரினும், பார்த்தாயா என்று வினவுவோரே இந்நாளில் மிகுதி. மேலைநாட்டுப் பாப் இசையோடு வளர்ந்து உலகெங்கும் பரவிய இசைக் காணொளியே இம்மாற்றத்திற்குக் காரணம். திரைப்படத்தில் பாட்டு, கதையின் ஓர் உறுப்பாக அமையும். இசைக் காணொளியிலோ பாட்டே தலைமை பெறும். மூன்று அல்லது நான்கு நிமிடத்தில் முடியும் இச்சிறு படம் கட்டுப்பாடு அற்றதுபோல் தோன்றும். எனினும், செய்யுளுக்கு யாப்பு அமைந்தாற்போல, இதற்கும் சில மரபுகள் உண்டு. அவற்றை அறிந்து காண்போர் மகிழ்வர். அறியாது காண்போர் மயங்குவர்.

இக்கலை வாணிகத்தின் மடியில் வளர்ந்தது. பாடகர் நேரில் செல்ல இயலாத தொலைக்காட்சி நிலையங்களுக்கு, அவர் பாடும் படத்தை எடுத்து அனுப்பினால் இசைத்தட்டு விலைபோகும் என்பதை நிறுவனங்கள் உணர்ந்தன. இங்கிலாந்தைச் சேர்ந்த குயின் குழுவினர் 'போகிமியன் ராப்சொடி' என்னும் பாட்டிற்கு 1975 ஆம் ஆண்டில் எடுத்த படம் பெரும்புகழ் பெற்றது. 1981 ஆகஸ்டு முதல் நாள் அமெரிக்காவில் தொடங்கிய எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி, இரவும் பகலும் இத்தகைய படங்களையே ஒளிபரப்பிற்று. காலப்போக்கில் அந்நிலையம் வேறு நிகழ்ச்சிகளுக்கு இடங்கொடுத்தது. 2005 இல் தோன்றிய யூடியூப் இசைக் காணொளிக்குப் புதிய அரங்காயிற்று.

இனி, மரபுகளை நோக்குவோம். முதலாவது வாயசைப்பு. படம் எடுக்கும்போது பாடகர் பெரும்பாலும் பாடுவதில்லை. முன்னரே பதிவு செய்த பாட்டு ஒலிபெருக்கியில் ஒலிக்க, அதற்கேற்ப இதழை அசைப்பார். காட்சி மெல்ல நகர வேண்டுமாயின், பாட்டை இருமடங்கு விரைவில் ஒலிக்கச் செய்து, நொடிக்கு 24 படங்களுக்கு மாறாக 48 படங்கள் எடுப்பர். அதனை இயல்பான வேகத்தில் ஓட்டினால் கூந்தல் மெல்லப் பறக்கும். உடை மெல்ல அலையும். இதழ் மட்டும் பாட்டோடு பொருந்தி அசையும். கனவுபோல் தோன்றும் அவ்வழகின் பின்னே இருப்பது ஒரு கணக்கே ஆகும்.

இரண்டாவது, காட்சிகளை வெட்டி இணைக்கும் முறை. தாளம் விழும் இடத்தில் காட்சி மாறும். விரைந்த பாட்டில் ஒரு காட்சி ஓரிரு நொடியேனும் நிலைப்பது அரிது. பல்லவி திரும்பும்போது, முன்னர்க் கண்ட இடமோ ஆடலோ மீண்டும் வரும். இதனால் பாட்டும் காட்சியும் நினைவில் ஒன்றாய்ப் பதியும். குயின் குழுவினரின் படத்தில், இருளினின்று நான்கு முகங்கள் ஒளிபெற்றுத் தோன்றுகின்றன. குரல் எதிரொலிக்கும் இடத்தில் ஒரு முகமே பல முகங்களாக அடுக்கிச் செல்கின்றது. ஒலியின் இயல்பைக் கண்ணுக்குப் புலப்படுத்திய நுட்பம் அஃது.

மூன்றாவது, பாடகரை நடுவில் நிறுத்தி, ஆடுவோரை அவர் பின்னே அணிவகுத்தல். 1983 இல் ஜான் லாண்டிஸ் இயக்க, மைக்கேல் ஜாக்சன் பாடி ஆடிய 'திரில்லர்' இம்மரபிற்குச் சிறந்த சான்றாகும். ஏறத்தாழ 14 நிமிடம் ஓடும் அப்படத்தில், கல்லறையினின்று எழுந்த பிணங்கள் நடுத்தெருவில் ஒத்த அடியெடுத்து ஆடுகின்றன. அவற்றின் நடுவே ஜாக்சனும் பிணவுருவில் ஆடுகின்றார். அச்சந்தரும் உருவமும் ஒழுங்கான ஆடலும் ஒன்றியமையே அதன் புதுமை. அமெரிக்க நாடு பாதுகாத்தற்குரிய திரைப்படங்களின் பட்டியலில் 2009 இல் அது சேர்க்கப்பெற்றது. அப்பெருமையை அடைந்த முதல் இசைக் காணொளி அதுவே.

இம்மரபுகளால் விளையும் தீங்கும் உண்டு. விற்பனைக்கெனப் பிறந்த கலை, பாட்டோடு வேறு பலவற்றையும் விற்க முயலும். விலையுயர்ந்த ஊர்தியும் மாளிகையுமே வாழ்வின் பயன் எனக் காட்டும் படங்கள் பல. மகளிரை உள்ளமுடைய மாந்தராகக் காட்டாது, பாடகரின் பக்கத்தில் அணிகலன்கள்போல் நிறுத்தும் வழக்கம் பலராலும் கண்டிக்கப்பட்டும் இன்னும் நீங்கவில்லை. மேலும், ஒப்பனையாலும் ஒளியமைப்பாலும் பன்முறை எடுத்துத் தேர்ந்தமையாலும் அமைந்த உருவத்தோடு தம் உருவத்தை ஒப்பிட்டு உள்ளம் குன்றும் இளைஞரும் உளர். அங்ஙனம் குன்றுதல், ஓவியத்து மலரைக் கண்டு தோட்டத்து மலர் நாணுவதை ஒக்கும்.

மரபை அறிந்தோர் அதனை விலக்கியும் வெற்றி பெறுவர். அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ கானர் 1990 இல் வெளியிட்ட 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' என்னும் பாட்டு பிரிவுத் துயரைக் கூறுவது. அதன் காணொளியில் ஆடுவோர் அணி இல்லை, ஆரவாரமும் இல்லை. அவர் பாரிஸ் நகரை அடுத்த பூங்காவில் நடக்கும் காட்சி இடையிடையே வரும். மற்றை நேரமெல்லாம், தலைமயிர் களைந்த அவர் முகம் ஒன்றே கரிய பின்புலத்தில் திரையை நிறைத்து நிற்கின்றது. பாட்டின் பிற்பகுதியில் அவர் கன்னத்தில் கண்ணீர் வழிகின்றது. மறைந்த தாயை நினைந்தமையால் தானே பெருகிய கண்ணீர் அது என்று அவர் பின்னர்க் கூறினார். நொடிதோறும் காட்சி மாறும் கலையில், மாறாது நின்ற முகமே உலகோர் நெஞ்சை உருக்கிற்று. அவ்வாண்டின் சிறந்த காணொளிக்குரிய எம்.டி.வி. பரிசும் அதற்கே கிடைத்தது.

ஆதலின், இசைக் காணொளியைக் காணும் மாணாக்கர் தமக்குள் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இக்காட்சி பாட்டின் பொருளை விளக்குகின்றதா? பாட்டைச் சாக்காகக் கொண்டு வேறு எதனையேனும் விற்கின்றதா? கண்ணை மூடிக் கேட்பினும் இப்பாட்டு இன்பம் தருமா? இவ்வினாக்களுக்கு விடை காண்போர் காட்சிக்கு அடிமையாகார். அதன் சுவையை உணர்ந்து துய்ப்பர்.