வாசல் கேட்டா, அறைக் கதவா? வீட்டு இணையத்திற்கு எந்த ஃபயர்வால்?



கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் நமது அலுவலகத்திற்கு வந்தார். காலையில் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டால் ஒரு ஃபைல் கூடத் திறக்கவில்லை. எல்லாவற்றின் பெயரும் மாறியிருந்தது. பணம் கட்டினால்தான் திறந்து தருவோம் என்று ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. உள்ளே இருந்தது மூன்று வருட டேலி கணக்கு. ஜி.எஸ்.டி. தளத்தில் தாக்கல் செய்த விவரங்களை வைத்து ஒரு பகுதியை மீட்டுவிட்டார். எந்தக் கம்பெனி எவ்வளவு பாக்கி என்ற கணக்கு போனது போனதுதான். பணம் கட்ட வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம், அவரும் கட்டவில்லை.

"வைஃபை பெட்டியிலேயே ஃபயர்வால் இருக்குன்னாங்க, விண்டோஸுக்குள்ளேயும் இருக்குன்னாங்க. ரெண்டும் இருந்தும் எப்படி பாய் உள்ளே வந்தான்?" என்று கேட்டார். நம் ஜமாஅத்தில் கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளை ஒருவர் போய்ப் பார்த்தபோது விடை கிடைத்தது. கணக்கு எழுதுபவர் தம் வீட்டிலிருந்தே டேலியைப் பார்ப்பதற்காக வைஃபை பெட்டியில் 3389 என்ற போர்ட்டை யாரோ திறந்து விட்டிருந்தார்கள். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று வேறொருவர் விண்டோஸ் ஃபயர்வாலை அணைத்து வைத்திருந்தார். பாஸ்வேர்டோ கடைப் பெயருடன் 123. இரண்டு கதவு இருந்தது உண்மை, இரண்டும் திறந்து கிடந்ததும் உண்மை.

அன்று மாலையே நம் அலுவலகப் பெட்டியையும் சோதித்தோம். வெட்கத்தோடு எழுதுகிறோம்: அதன் அட்மின் பாஸ்வேர்ட் தொழிற்சாலையில் வைத்தபடியே இருந்தது. அதே இணைப்பில் உள்ள கம்ப்யூட்டரில்தான் ஜகாத் பெறும் குடும்பங்களின் பட்டியலும், மருத்துவ உதவி கேட்டு வந்தவர்களின் விண்ணப்பங்களும் இருக்கின்றன. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்று பயான் கேட்டு வளர்ந்த நாம், அந்தப் பெயர்களைப் பூட்டாத அலமாரியில் வைத்திருந்தோம். அது அமானிதம். அதனால்தான் இந்த இதழில் இந்தப் பாடம்.

ஃபயர்வால் என்றால் தீத்தடுப்புச் சுவர். ஒரு கிடங்கில் தீப்பிடித்தால் அடுத்த கிடங்கிற்குத் தாவாமலிருக்க நடுவே எழுப்பும் சுவரின் பெயரைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அது செய்யும் வேலை சுவரை விட, சிப்காட் கம்பெனி வாசலில் நிற்கும் செக்யூரிட்டியின் வேலைக்கு நெருக்கமானது. உள்ளேயிருந்து ஆர்டர் போட்டு வரச்சொன்ன லாரி என்றால் கேட் திறக்கும். யாரும் அழைக்காமல் வந்து நிற்கும் லாரி திரும்பிப் போக வேண்டியதுதான்.

உங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு கொடுக்கும்போது சுவரில் மாட்டிவிட்டுப் போன பெட்டி (மோடம், ரூட்டர் எப்படிச் சொன்னாலும் சரி) இந்த வாசல் செக்யூரிட்டி. ஹார்டுவேர் ஃபயர்வாலின் எளிய வடிவம் அது. வெளியுலகிற்கு வீடு முழுவதற்கும் ஒரே முகவரிதான் தெரியும். உள்ளேயிருக்கும் போன், டிவி, கேமராவுக்கெல்லாம் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியைப் பெட்டியே கொடுத்துக்கொள்கிறது. நாம் கேட்காத எதுவும் வெளியிலிருந்து வந்தால் யாரிடம் சேர்ப்பது என்று அதற்குத் தெரியாது, போட்டுவிடும். ஐபிவி6 முகவரி கொடுக்கும் இணைப்புகளில் மட்டும் இந்த இயல்பான மறைப்பு கிடையாது. அங்கே பெட்டியின் ஐபிவி6 ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இதன் பெரிய நன்மை, தன்னைத் தானே காக்க முடியாத சாமான்களையும் காப்பது. டிவியிலும் கேமராவிலும் பொதுவாக நாம் ஃபயர்வால் சாஃப்ட்வேரை ஏற்ற முடியாது. 2016 அக்டோபரில் மிராய் என்ற வைரஸ் உலகெங்கும் உள்ள கேமராக்களையும் அவற்றின் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்து, ட்விட்டர் உள்ளிட்ட பெரிய தளங்களையே அமெரிக்காவில் பல மணி நேரம் முடக்கியது. அது புதுத் தந்திரம் எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான்.

அந்தச் செக்யூரிட்டியே ஏமாந்தால்? 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். கர்நாடக வட்டத்தில் சுமார் 2,000 மோடம்கள் வைரஸ் தாக்கி இணைப்பு இழந்தன. 'அட்மின்' என்ற பழைய பாஸ்வேர்டை மாற்றாத மோடம்கள் அவை. நிறுவனம் எல்லா வாடிக்கையாளர்களையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. வைஃபை பாஸ்வேர்டை மாற்றிவிட்டோமே என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்ட் வேறு.

அடுத்தது சாஃப்ட்வேர் ஃபயர்வால், அறைக்கதவு. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ், இணையத்தில் இணைத்தாலே போதும் என்று விண்டோஸ் கம்ப்யூட்டர்களைத் தாக்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் வந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 முதல், விண்டோஸ் தன் ஃபயர்வாலை ஆன் செய்தே தருகிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. எந்த புரோகிராம் பேசுகிறது என்பதை வாசலில் நிற்பவரால் சொல்ல முடியாது, அறைக்குள் இருப்பவரால் முடியும். அதோடு, பிள்ளை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சென்னை ஹாஸ்டலுக்குப் போனால் வீட்டுப் பெட்டி கூடப் போகாது. இது போகும்.

வாசல் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்து உதாரணம் உண்டு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை, ஒரகடத்திலுள்ள ரெனோ நிசான் கார் ஆலையையும் பாதித்தது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அந்த வைரஸின் குணம், ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தால் அதே நெட்வொர்க்கிலுள்ள மற்றவற்றுக்குத் தானே தாவுவது. வாசல் கடந்து வந்தவனை அறைக்கதவுதான் நிறுத்த வேண்டும். ஆனால் அறைக்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. நாமே ஒரு கெட்ட புரோகிராமை ஏற்றி எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டால், அது ஃபயர்வாலையே அணைத்துவிடும்.

ஆகவே எது நல்லது என்று கேட்டால், வீட்டைப் பொறுத்தவரை இரண்டிற்கும் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள், இரண்டையும் மூடி வையுங்கள் என்பதே எங்கள் பதில். ஆண்டுச் சந்தா கட்டும் தனி ஹார்டுவேர் ஃபயர்வாலைச் சில கடைக்காரர்கள் வீடுகளுக்கும் பரிந்துரைக்கிறார்கள். பத்துப் பதினைந்து கம்ப்யூட்டர் உள்ள கம்பெனிக்கு அது நியாயம். இரண்டு போனும் ஒரு லேப்டாப்பும் உள்ள வீட்டில் அந்தப் பணத்திற்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வையுங்கள். பட்டறைச் சகோதரரிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் அரை நாளில் வேலைக்குத் திரும்பியிருப்பார்.

பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். போர்ட் ஃபார்வர்டிங் என்ற பக்கத்தில் நீங்கள் அறியாத வரி இருந்தால் அழியுங்கள். ரிமோட் மேனேஜ்மென்டையும் யுபிஎன்பி என்பதையும் அணையுங்கள். கெஸ்ட் வைஃபை வசதி இருந்தால் டிவியையும் கேமராவையும் அதில் போடுங்கள். விண்டோஸ் கேட்கும்போது 'பப்ளிக்' நெட்வொர்க் என்றே தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் திருமணப் பத்திரிகை என்று வரும் ஏபிகே ஃபைலைத் தொட்டாலோ, பேங்க் ஆபீசர் என்றவருக்கு ஓடிபி சொன்னாலோ, எந்த ஃபயர்வாலும் தடுக்காது. அவன் நாம் ஆர்டர் போட்டு வரச்சொன்ன லாரி. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு.

சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நம் மாணவர்கள் அலுவலகத்தில் இருப்பார்கள். பெட்டியின் கீழே ஒட்டியுள்ள ஸ்டிக்கரை போட்டோ எடுத்து, போனிலேயே வைத்துக் கொண்டு வாருங்கள். குரூப்பில் அனுப்ப வேண்டாம், பாஸ்வேர்டும் அதில்தான் அச்சாகியிருக்கும்.